கொக்கி எட்டும் உயரம்: ஹைவிண்ட் ஸ்காட்லாந்து மிதவைக் காற்றாலை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் துறைமுகத்துக்குக் கிழக்கே வட கடலில் ஏழு ஆண்டுகளாக மின்சாரம் தந்துகொண்டிருந்த ஐந்து காற்றாலைகள், ஒவ்வொன்றாக நங்கூரச் சங்கிலிகளிலிருந்தும் கடலடி மின்வடத்திலிருந்தும் கழற்றப்பட்டன. இழுவைக் கப்பல்கள் அவற்றை நின்ற கோலத்திலேயே கடல் கடத்தி நார்வேக்குக் கொண்டு சென்றன. காற்றாலையின் உச்சியில் இருந்த முக்கியப் பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கடலில் அவை நின்ற இடத்திலேயே செய்து முடிக்க ஏற்ற வழி இல்லாததால், பாகம் காற்றாலையைத் தேடிச் செல்வதற்குப் பதிலாகச் சுமார் 12,000 டன் எடையுள்ள காற்றாலை பாகத்தைத் தேடிச் சென்றது. உலகின் முதல் மிதவைக் காற்றாலைப் பண்ணையான ஹைவிண்ட் ஸ்காட்லாந்தின் வரலாற்றில் இந்தப் பயணமே அதிகம் கற்றுத்தரும் நிகழ்ச்சி என்று நான் கருதுகிறேன். காற்றாலையை மிதக்க வைக்கும் சிக்கல் தீர்ந்துவிட்டது, அதைத் தூக்கி வைக்கும் சிக்கல் தீரவில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

கடலில் காற்றாலை நிறுத்தும் முயற்சி 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் தொடங்கியது. அங்கு 450 கிலோவாட் திறனுள்ள 11 காற்றாலைகள், கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவில், சில மீட்டர் ஆழமே உள்ள நீரில் கான்கிரீட் அடித்தளங்களின்மேல் நின்றன. அதன்பின் வந்த பண்ணைகளிலும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. பெரிய எஃகுக் குழாயையோ கால்சட்டத்தையோ கடலடித் தரையில் ஊன்றி, அதன்மேல் கோபுரத்தை ஏற்றினார்கள். ஆழம் ஏறத்தாழ 60 மீட்டரைத் தாண்டினால் இந்த முறையின் எஃகுச் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் வலுவான, இடையறாத காற்று வீசும் கடற்பரப்பில் பெரும்பகுதி அதைவிட ஆழமானது. நார்வேயின் மேற்குக் கரை, ஜப்பான், போர்ச்சுகல், கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் கரையை விட்டுச் சிறிது தூரம் போனாலே தரை கீழிறங்கிவிடும். கடலில் மிதக்கும் காற்றாலைகளை நிறுத்தலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெரோனிமஸ் 1970களின் தொடக்கத்திலேயே முன்வைத்திருந்தார். அதைச் செய்து பார்க்கும் வசதி, ஆழ்கடலில் எண்ணெய் எடுத்துப் பழகிய ஒரு தொழிலுக்குத்தான் முதலில் வாய்த்தது.

மிதவையின் வடிவம்

நார்வேயின் அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயில், இன்றைய பெயரில் ஈக்வினார், எடுத்துக்கொண்ட வடிவம் எண்ணெய்த் தொழிலில் ஏற்கெனவே பழகிய ஸ்பார் எனும் நெடுந்தூண் மிதவை. மீனவர்கள் வலையில் கட்டும் நிறுத்துமிதப்பை நினைத்துக்கொண்டால் இதன் தத்துவம் உடனே பிடிபடும். நீண்டு மெலிந்த உருளையின் அடியில் பாரம் ஏற்றினால், மொத்த எடையின் மையம் மிதப்பு விசையின் மையத்துக்குக் கீழே போய்விடுகிறது. அப்போது எவ்வளவு சாய்த்தாலும் அது தானாக நிமிரும். நீர்மட்டத்தில் உருளையின் விட்டம் சிறியதாக இருப்பதால், அலை ஏறி இறங்கும்போது மிதவையை மேலும் கீழும் தூக்கிப் போடும் விசையும் குறைவாகவே இருக்கும்.

2005இல் ட்ரொண்ட்ஹைமில் உள்ள கடல்சார் ஆய்வுத் தொட்டியில் சிறு மாதிரி சோதிக்கப்பட்டது. 2009இல் கார்மோய் தீவுக்கு அப்பால் 10 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில், 2.3 மெகாவாட் சீமென்ஸ் காற்றாலை ஒன்று முழு அளவில் மிதக்கவிடப்பட்டது. ஹைவிண்ட் டெமோ என்ற அந்த ஒற்றைக் காற்றாலைக்குச் சுமார் 40 கோடி நார்வே குரோனர் செலவானது. மின்சாரம் விற்றுப் பணம் ஈட்டுவதற்காக அது கட்டப்படவில்லை. கணக்கில் கண்ட அசைவு கடலிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது.

அந்த அசைவில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. என் பார்வையில், ஹைவிண்டின் உண்மையான கண்டுபிடிப்பு மிதவைத் தூணைவிட இந்த விபரீதத்துக்குக் கண்ட தீர்வுதான். எந்த நவீனக் காற்றாலையும் காற்று ஓர் எல்லைக்கு மேல் வேகமெடுத்தால் தன் இறகுகளைத் திருப்பிக் காற்றை நழுவவிடும். மின்னாக்கியால் அதற்குமேல் தாங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இறகு திரும்பும்போது காற்று காற்றாலையைப் பின்னால் தள்ளும் விசையும் குறைகிறது. தரையில் ஊன்றிய கோபுரத்தில் இதனால் தொல்லையில்லை, ஏனெனில் கோபுரத்தின் அதிர்வு, இறகுத் திருப்பியால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் நிகழ்கிறது. மிதக்கும் தூண் அப்படியல்ல, முன்னும் பின்னும் ஒருமுறை ஆடி வர ஏறத்தாழ அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அது காற்றை நோக்கி முன்னே சாயும்போது, காற்றின் வேகம் கூடிவிட்டதாகக் கட்டுப்பாட்டுக் கருவி நினைத்து இறகைத் திருப்புகிறது. தடுத்து நிறுத்த வேண்டிய விசை அந்த நேரத்தில் குறைந்துபோக, தூண் மேலும் முன்னே சாய்கிறது. பின்னே போகும்போது காற்று தணிந்ததாக நினைத்து இறகு காற்றை இறுக்கிப் பிடிக்க, தூண் மேலும் பின்னே தள்ளப்படுகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல, ஆட்டத்தை அடக்க வேண்டிய கருவியே ஆட்டத்தை வளர்த்துவிடும்.

கட்டுப்பாட்டுக் கருவியைத் தூணின் ஆட்டத்தைவிட மெதுவாக இயங்கச் செய்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் மின் உற்பத்தியும் சுழல் வேகமும் தாறுமாறாகும். ஹைவிண்ட் பொறியாளர்கள் கோபுரத்தின் அசைவையும் அளந்து, காற்றால் வந்த மாற்றம் எது, தூணின் ஆட்டத்தால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிந்து, இறகுகளைக் கொண்டே ஆட்டத்தைத் தணிக்கும் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கினார்கள். பெரிய எஃகு எதுவும் கூடாமல், கருவிக்குப் புதிய அறிவுறுத்தல் கொடுத்ததன் மூலம் கிடைத்த நிலைத்தன்மை இது. மிதவைக் காற்றாலை வடிவமைக்கும் எவரும் இன்று இந்தச் சிக்கலைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

ஸ்டோர்ட், 2017

2015 நவம்பரில் ஸ்டாட்டாயில் அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பீட்டர்ஹெட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், 95 முதல் 129 மீட்டர் வரை ஆழமுள்ள புக்கன் டீப் என்ற பகுதியில், தலா 6 மெகாவாட் திறனுள்ள ஐந்து சீமென்ஸ் காற்றாலைகள் அமைவதாகத் திட்டம். செலவு ஏறத்தாழ 200 கோடி குரோனர் என மதிப்பிடப்பட்டது. ஒரு மெகாவாட்டுக்கு ஆகும் செலவு டெமோவைவிட 60 முதல் 70 விழுக்காடு குறையும் என்று நிறுவனம் அறிவித்தது. அபுதாபியின் மஸ்தார் நிறுவனம் பின்னர் கால்பங்கு உரிமையை எடுத்துக்கொண்டது.

எஃகுத் தூண்கள் ஸ்பெயினின் ஃபெனே கப்பல் கட்டும் தளத்தில் உருவாயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், அடிப்பகுதியில் 14 மீட்டருக்கு மேல் விட்டம். அவை பளு சுமக்கும் கப்பலில் படுத்த நிலையில் நார்வேயின் ஸ்டோர்ட் தீவுக்கு வந்தன. நீரில் இறக்கி, உள்ளே கடல்நீரை நிரப்பியபோது அவை மெல்ல நிமிர்ந்து நின்றன. பிறகு அடர்த்தி மிகுந்த தாதுக்கல் அடிப்பாரமாகக் கொட்டப்பட்டது. நிமிர்ந்து நின்ற தூணின் மிதவை ஆழம், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கும் பகுதியின் நீளம், 78 மீட்டர்.

இந்த 78 என்ற எண்தான் இந்த நிகழ்வு முழுவதற்கும் திறவுகோல். உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் அணையும் துறைமுகங்களிலும் நீரின் ஆழம் 20 மீட்டரைச் சுற்றியே இருக்கும். 78 மீட்டர் ஆழத்தில் மிதக்கும் ஒன்றை எந்தத் துறைமேடையின் ஓரத்திலும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. எனவே தரையில் நிற்கும் கிரேனால் அதன்மேல் காற்றாலையை ஏற்றும் வழி அடைபட்டது. ஸ்காட்லாந்துக் கடலில் நிற்கப்போகும் காற்றாலை நார்வேயில் ஒன்றுசேர்க்கப்பட்டதற்கு அடிப்படைக் காரணம் இயற்கை அமைப்பே. பனியாறுகள் அரித்த ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழிகளில் கரையை ஒட்டியே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் கிடைக்கிறது, சுற்றியுள்ள மலைகளும் தீவுகளும் அலையைத் தடுத்து நீரை அமைதியாக வைத்திருக்கின்றன.

அங்கும் தூக்குவதற்கு ஏதேனும் வேண்டுமே. வந்தது சாய்பெம் 7000. 1980களில் எண்ணெய் மேடைகளை நிறுவுவதற்காகக் கட்டப்பட்ட இந்த மிதவைக் கிரேன் கப்பலில் தலா 7,000 டன் தூக்கும் இரண்டு கிரேன்கள் உள்ளன. கோபுரம், இயந்திர அறை, 154 மீட்டர் விட்டமுள்ள சுழலி ஆகியவை கரையிலேயே முழுமையாகப் பொருத்தப்பட்டு நின்றன. கிரேன் கப்பல் அந்த முழுக் காற்றாலையையும் ஒரே தூக்கில் எடுத்து, ஃபியோர்டில் மிதந்து நின்ற தூணின் தலையில் இறக்கிவைத்தது. தூக்கியதும் மிதந்தது, வாங்கிக்கொண்டதும் மிதந்தது. இவை இரண்டின் அசைவும் ஒத்துப்போகும் தருணத்தில், வளையத்தோடு வளையம் பொருந்தும்படி இறக்கி மரையாணிகளால் இறுக்க வேண்டும். இந்தத் தூக்கு முறையும் இதற்குத் தேவைப்பட்ட தூக்குச் சட்டமும் இந்தத் திட்டத்துக்கென்றே தனியாக உருவானவை. ஐந்து முறை இது நடந்தது. ஐந்து தூக்குகளுக்காக இவ்வளவு பெரிய கப்பலை வரவழைக்கும் செலவைத் தாங்க ஒரு முன்னோடித் திட்டத்தால் முடியும், நூறு காற்றாலைகள் கொண்ட வணிகப் பண்ணையால் முடியாது. அந்த அளவுக் கப்பல்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் நாட்கள் எண்ணெய், எரிவாயு மேடைகளுக்கு முன்கூட்டியே விலைபேசப்பட்டிருக்கும்.

பின்னர் இழுவைக் கப்பல்கள் ஒவ்வொன்றாக அவற்றை வட கடலுக்குக் குறுக்கே இழுத்துச் சென்றன. ஒவ்வொரு காற்றாலைக்கும் மூன்று என மொத்தம் 15 உறிஞ்சு நங்கூரங்கள் முன்கூட்டியே கடலடியில் பதிக்கப்பட்டிருந்தன. இது கவிழ்த்த குவளை போன்ற எஃகு உருளை. உள்ளிருக்கும் நீரை வெளியே இறைத்தால் மேலிருக்கும் கடலின் அழுத்தமே அதைச் சேற்றுக்குள் அமிழ்த்திவிடும். சங்கிலி தூணை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து பற்றிக்கொள்வதால், தூண் தன் அச்சில் சுழன்றுவிடாமலும் இருக்கிறது. 2017 அக்டோபர் 18 அன்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் பண்ணையைத் திறந்துவைத்தார்.

அதன் செயல்பாட்டைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அந்த டிசம்பரில் வந்த கரோலின் புயலில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகக் காற்றையும் 8 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளையும் தாங்கிய பண்ணை, அடுத்த ஆண்டுகளில் தன் முழுத் திறனில் சராசரியாக ஏறத்தாழ 54 விழுக்காட்டை மின்சாரமாகத் தந்து, பிரிட்டனின் கடல் காற்றாலைப் பண்ணைகளிலேயே முன்னிலையில் நின்றது. மிதப்பது நிலையற்றது என்ற ஐயத்துக்கு அதற்குப் பிறகு இடமில்லை.

ஒரு பழைய தீர்வு

இந்த இடத்தில் அறுபது ஆண்டுகள் பின்னே போய், கடலோரத்தில் தூக்குவது தொடர்பான இன்னொரு கண்டுபிடிப்பைப் பார்ப்பது அவசியமாகிறது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 அலுமினியப் பெட்டகங்களைச் சுமந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழிலிலிருந்து கப்பல் தொழிலுக்கு வந்த மால்கம் மெக்லீனின் முயற்சி அது. உதிரிச் சரக்கை ஆட்களைக் கொண்டு ஏற்ற அப்போது ஒரு டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. ஐடியல் எக்ஸில் அது 16 சென்ட்டுக்கும் குறைந்தது என்பதைச் சரக்குப் போக்குவரத்து பற்றிப் படித்த அனைவரும் அறிவர்.

பெட்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் பெட்டி புதிதல்ல. பெட்டிகளில் சரக்கை அடைத்து ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவது அதற்கு முன்பே பல நாடுகளில் நடந்திருக்கிறது. புதிதாக வந்தது அதன் மூலை. கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் மெக்லீனுக்காக இரண்டு பொருள்களை வடிவமைத்தார். ஒன்று, கிரேனிலிருந்து தொங்கி, மேலிருந்து இறங்கிப் பெட்டகத்தைப் பற்றும் ஸ்ப்ரெடர் சட்டம். அதற்கு முன்பு ஒருவர் ஏணி வைத்துப் பெட்டியின் மேலேறி ஒவ்வொரு மூலையிலும் கொக்கி மாட்ட வேண்டும், இறக்கியபின் இன்னொருவர் ஏறிக் கழற்ற வேண்டும். மற்றொன்று, மூலையில் பொருத்திய எஃகு வார்ப்பின் நீள்துளைக்குள் நுழைந்து, திருப்பியதும் பூட்டிக்கொள்ளும் ட்விஸ்ட்லாக். கிரேன் தூக்குவதும், லாரியில் இறுக்குவதும், கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைப்பதும் ஒரே துளையால் நடந்தன. சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூரிலோ பெட்டக லாரியின் பின்னே சிக்னலில் நிற்கும்போது, அதன் நான்கு மூலைகளிலும் இன்றும் அந்த வார்ப்பைப் பார்க்கலாம்.

இந்த மூலை உடனே உலகத்துக்குப் பொதுவாகிவிடவில்லை. மெக்லீனின் பெட்டகம் 35 அடி, பசிபிக்கில் மாட்சன் நிறுவனத்தின் பெட்டகம் 24 அடி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி மூலை, தனித்தனிக் காப்புரிமை. ஒருவரின் கிரேன் மற்றவரின் பெட்டியைத் தொட முடியாது. வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்ட டான்ட்லிங்கர், மெக்லீனை நாடி, அந்தக் காப்புரிமையை அனைவரும் பயன்படுத்த விட்டுக்கொடுக்குமாறு கேட்டார். 1963இல் மெக்லீன் இசைந்தார். அந்த வடிவத்தைத் தழுவிச் சர்வதேசத் தர அமைப்பில் வரைவு உருவானபோது, சோதனையில் வார்ப்புகள் போதிய வலுவற்றவை எனத் தெரிந்தது. எஃகைத் தடித்து மறுபடி வடிவமைத்த பின்னரே 1960களின் கடைசியில் பொதுத்தரம் நிலைபெற்றது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பெட்டகங்கள் செய்துவைத்திருந்தவர்கள் மூலைகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவை ஏற்றுக்கொண்டதன் பயன், எந்த நாட்டுப் பெட்டகத்தையும் எந்த நாட்டுக் கிரேனும் தூக்க முடிகிறது.

ஹைவிண்டின் ஐந்து தூக்குகளையும் இந்தக் கதையோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, மிதவைக் காற்றாலைத் தொழில் எங்கே நிற்கிறது என்பது விளங்குகிறது. பெட்டக உலகின் மொழியில் சொன்னால், அது 1956க்கும் 1963க்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு மிதவைக்கும் தனி வடிவம், ஒவ்வொரு காற்றாலைக்கும் தனி அளவில் அடிவளையம், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித் தூக்குச் சட்டம் என்பதே நடைமுறை. நான் இந்த ஒப்பீட்டை எல்லை மீறி இழுக்க விரும்பவில்லை. முப்பது டன் பெட்டியும் ஆயிரம் டன் அளவிலான காற்றாலையும் ஒன்றல்ல, பெட்டி கோடிக்கணக்கில் புழங்குகிறது, மிதவைக் காற்றாலைகள் இன்னும் சில பத்துகளிலேயே இருக்கின்றன. எனினும் கேள்வி ஒன்றே: கொக்கிக்கும் சுமைக்கும் நடுவே இருக்கும் பொருத்து யாருடையது, அதை யாரெல்லாம் பயன்படுத்த முடியும்?

இழுத்துச் செல்லும் விலை

இனி 2024க்குத் திரும்புவோம். கடலடியில் ஊன்றிய காற்றாலையில் பெரிய பாகம் பழுதானால், தன் கால்களைக் கடல்தரையில் ஊன்றி நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும் ஜாக்-அப் கப்பல் வரும். அது நிலத்தைப்போல அசையாமல் நிற்பதால், கிரேனின் கொக்கி நூறு மீட்டர் உயரத்திலும் துல்லியமாக வேலை செய்யும். நூறு மீட்டர் ஆழத்தில் அதன் கால்கள் எட்டா. மிதக்கும் கிரேன் கப்பலைக் கொண்டுவந்தால், கப்பலும் ஆடும், காற்றாலையும் ஆடும். கடல்மட்டத்தில் ஒரு பாகையளவு சாய்வு, நூறு மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 1.7 மீட்டர் நகர்வாகிவிடுகிறது. மில்லிமீட்டர் கணக்கில் பொருத்த வேண்டிய பாகத்தை அந்த ஆட்டத்தில் மாற்ற முடியாது.

எனவே ஐந்து காற்றாலைகளும் பெர்கனுக்கு வடக்கே குலென் பகுதியில் உள்ள வெர்ஜலாண்ட் தளத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டன. ஒரு முழு மிதவைப் பண்ணையையே இப்படிப் பராமரிப்புக்காகக் கரைக்குக் கொண்டுபோனது அதுவே முதன்முறை. வேலை முடிந்து அவை அதே ஆண்டு புக்கன் டீப்புக்குத் திரும்பின. போகும்போது கழற்றிய சங்கிலியும் மின்வடமும் திரும்பும்போது மறுபடி இணைக்கப்பட வேண்டும். இரு பயணத்துக்கும் கடல் அமைதியாக இருக்கும் இடைவெளி கிடைக்க வேண்டும். அந்த மாதங்களில் மின்சாரம் இல்லை. ஐந்து காற்றாலைகள் என்பதால் ஒரு கோடைக்குள் முடிந்தது. ஐம்பது இருந்திருந்தால் அந்த ஃபியோர்டில் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கும்.

தூணின் ஆழத்தைத் தவிர்த்த வேறு வடிவங்களுக்கும் இதில் முழு விடுதலை கிடைக்கவில்லை. மூன்று தூண்களை முக்கோணமாக இணைத்த விண்ட்ஃப்ளோட் மிதவையின் மிதவை ஆழம் குறைவு என்பதால் சாதாரணத் துறைமேடையிலேயே காற்றாலையை ஏற்றலாம். போர்ச்சுகலின் வியானா டோ காஸ்டெலோவுக்கு எதிரே 2020இல் முழுமை பெற்ற 25 மெகாவாட் பண்ணையின் காற்றாலைகள் ஸ்பெயினின் ஃபெரோலில் அப்படித்தான் தயாராயின. இது உண்மையான முன்னேற்றம், ஏற்றும் வேலைக்குச் சாய்பெம் 7000 தேவைப்படவில்லை. ஆனால் அதே வகையைச் சேர்ந்த ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பண்ணையில் ஒரு காற்றாலை பழுதானபோது, 2022இல் அதுவும் வட கடலைக் கடந்து ராட்டர்டாம் துறைமுகம் வரை இழுத்துச் செல்லப்பட்டது.

ஈக்வினார் தன் அடுத்த திட்டத்தில் பாடத்தின் ஒரு பாதியைப் பயன்படுத்திக்கொண்டது. ஸ்னோர், குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல்களுக்கு மின்சாரம் தருவதற்காக அமைத்து, 2023 ஆகஸ்டில் முறைப்படி திறக்கப்பட்ட 88 மெகாவாட் ஹைவிண்ட் டாம்பனில் 11 காற்றாலைகள் உள்ளன. அங்கு எஃகுக்குப் பதில் கான்கிரீட் தூண்கள். நங்கூரங்களை அண்டைக் காற்றாலைகள் பகிர்ந்துகொள்வதால், 33 தேவைப்பட்டிருக்கும் இடத்தில் 19 போதுமாயின. மிக முக்கியமாக, கிரேன் கப்பல் கைவிடப்பட்டது. குலெனில் கரைச்சரிவு செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குவதால், மிதக்கும் தூணைக் கரையருகே நிறுத்தி, தரையில் வட்டப்பாதையில் சுழலும் பெரிய கிரேனால் கோபுரத்தையும் இயந்திர அறையையும் இறகுகளையும் படிப்படியாக ஏற்றினார்கள். கொக்கியின் ஒரு முனை நிலத்தில் ஊன்றிக்கொண்டது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஆயினும் இந்த முறை நார்வேயின் நிலவமைப்பை நம்பியிருக்கிறது. ஃபியோர்டு இல்லாத நாடு இதைக் கடன் வாங்க முடியாது.

பாடத்தின் மறுபாதியான பொருத்துப் பற்றிய தேடல், இப்போதைக்கு ஊன்றிய காற்றாலைகளில்தான் முன்னே நிற்கிறது. நெதர்லாந்தின் போர்ஸலே பகுதியில் 2020இல் ஸ்லிப் ஜாயின்ட் என்ற இணைப்பு முழு அளவில் நிறுவப்பட்டது. ஒரு காகிதக் குவளையை இன்னொன்றின்மேல் கவிழ்த்து அழுத்தினால் எப்படிப் பிடித்துக்கொள்கிறதோ, அப்படியே கூம்பு வடிவ எஃகு ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, தன் எடையாலும் உராய்வாலும் நிற்கும். மரையாணி இல்லை, இடையில் ஊற்றும் சாந்தும் இல்லை. இறக்கி வைப்பதே பொருத்துவது என்ற வகையில், நான் பார்த்தவற்றுள் ட்விஸ்ட்லாக்கின் மனப்போக்குக்கு மிக அருகே வருவது இதுதான். நூற்றுக்கணக்கான மரையாணிகளை இறுக்கும் நேரம் மிச்சமாவதோடு, அவற்றை ஆண்டுதோறும் சோதிக்கும் வேலையும் குறைகிறது. ஓயாமல் சாய்ந்து நிமிரும் மிதவையில் உராய்வை மட்டும் நம்பலாமா என்பதைத் தனியே நிறுவிக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் வளர வேண்டிய இன்னொரு திசை, காற்றாலையின் கோபுரத்தையே பற்றிக்கொண்டு மேலேறும் கிரேன்கள். கொக்கியும் சுமையும் ஒரே மிதவையில் சேர்ந்து ஆடும்போது, இரண்டுக்கும் இடையிலான ஆட்டம் பெருமளவு மறைந்துவிடும். நிலத்தில் நிற்கும் காற்றாலைகளில் இவ்வகைக் கிரேன்கள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. மிதவைக்கு இதுவே சரியான பாதை என்று நான் நம்புகிறேன், ஏனெனில் இது துறைமேடையின் ஆழத்தையோ ஃபியோர்டையோ கேட்பதில்லை. ஆனால் அதற்குக் கோபுரத்திலேயே கிரேன் பற்றுவதற்கான இடங்களை வார்த்திருக்க வேண்டும், எல்லா உற்பத்தியாளரும் ஒரே அளவில் வார்த்திருக்க வேண்டும். மறுபடியும் மூலை வார்ப்பின் கேள்விதான்.

நம் கரையில் இது எப்படி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூனில் இந்திய அமைச்சரவை குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்காக ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில், 600 கோடி ரூபாய் இரண்டு துறைமுகங்களை இவ்வேலைக்கு ஏற்ப மேம்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதியில் வரவிருப்பவை ஊன்றிய காற்றாலைகள் என்பதால் 78 மீட்டர் ஆழம் இங்கே தேவைப்படாது. காற்றாலை இறகுகளைக் கப்பலேற்றிப் பழகிய தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நீளமான சுமை புதிதும் அல்ல. ஆனால் முழுக் கோபுரத்தையும் நிறுத்திவைக்கும் எடையைத் துறைமேடைத் தரை தாங்குமா, கோபுரத்தின் உச்சிவரை எட்டும் கிரேன் அங்கே நிரந்தரமாக நிற்குமா, கால் ஊன்றி நிற்கும் கப்பல் தேவையான பருவத்தில் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு, காற்றாலை வாங்கும் ஒப்பந்தத்துக்கு முன்பே விடை எழுதப்பட வேண்டும். ஹைவிண்டில் அந்த வரிசை தலைகீழாக அமைந்ததால்தான், ஏழாம் ஆண்டில் ஐந்து காற்றாலைகள் கடலைத் திரும்பக் கடக்க நேர்ந்தது.